பகிர்ந்து ஆடும் பண்ணையில் இலையுதிர் பருவத்துக்கு எதை, எந்த நாளில் விதைப்பது?

தும்பி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நால்வர் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை விளையாட்டில் ஒரே பண்ணையை இணையவழியே பகிர்ந்து ஆடி வருகிறோம். முதலாம் ஆண்டின் கோடைப் பருவம் நேற்றிரவுதான் முடிந்தது. அது முடிந்த விதம்தான் என்னை இங்கே எழுதவைத்திருக்கிறது.

கோடை 16ஆம் நாள் நான் 40 முலாம்பழ விதைகளை நட்டேன். முலாம்பழம் விளைய 12 நாள் ஆகும் என்பதால், பருவத்தின் கடைசி நாளான 28ஆம் நாள் காலையில் பறித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் பிழை இல்லை. ஆனால் இடையில் ஒரு மாலை எனக்கு வேறு வேலை வந்துவிட்டதால் மற்ற மூவரும் நான் இல்லாமல் ஆடினார்கள்; அன்று ஓடிய ஆட்ட நாள்களில் ஒரே ஒரு நாள் என் பாத்திக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார்கள். 28ஆம் நாள் காலையில் கதவைத் திறந்து வெளியே வந்தபோது நாற்பது செடிகளும் செழிப்பாகத்தான் நின்றன, ஆனால் ஒன்றில்கூடப் பழம் இல்லை. அடுத்த காலை இலையுதிர் 1. நாற்பதும் காய்ந்த சருகாகக் கிடந்தன, அரிவாளை எடுத்து அறுத்தெறிந்தேன். விதைக்குச் செலவழித்தது 3,200 காசு. ஒரு நாள் முந்தியிருந்தால் சாதாரணத் தரத்திலேயே 10,000 காசு கிடைத்திருக்கும். சமூகக்கூடத்தின் கோடைப் பயிர்ப் பண்டிலுக்கு (அங்கே சேர்த்துக் கொடுக்க வேண்டிய பொருள்களின் தொகுப்பு) ஒரு முலாம்பழம் வேண்டும், அதுவும் போயிற்று.

இப்போது எங்களிடம் பொதுப்பணமாக 9,600 காசும், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களுக்குத் தண்ணீர் தெளிக்கும் குவாலிட்டி ஸ்பிரிங்க்ளர்கள் மூன்றும் இருக்கின்றன. எல்லாரும் கிரான்பெர்ரியைத்தான் நட வேண்டும் என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. நால்வரும் எல்லா நாளும் சேர்ந்து ஆட முடியாத ஒரு பண்ணைக்கும் அது பொருந்துமா என்பதே என் கேள்வி. ஹோஸ்ட், அதாவது பண்ணையைத் தன் கணினியில் வைத்திருப்பவர், ஆட்டத்தைத் திறந்தால் நாள் ஓடிக்கொண்டே இருக்கும். இல்லாதவருக்காக அது நிற்பதில்லை.

கணக்குப்பிள்ளை:

முதலில் உங்கள் இழப்புக்கு வருத்தம். நாற்பது முலாம்பழம் என்பது சிறிய அடி அல்ல.

ஒவ்வொரு பருவமும் 28 நாள்கள் என்பதால், ஒருமுறை மட்டும் காய்க்கும் பயிர் எதுவாக இருந்தாலும் அதன் வளர்ச்சி நாள்களை 28இலிருந்து கழித்தால் கிடைப்பதே அதை விதைக்கக்கூடிய கடைசி நாள். பூசணிக்கு 13 நாள், எனவே 15. யாம் கிழங்குக்கு 10 நாள், எனவே 18. மீண்டும் மீண்டும் காய்க்கும் பயிர்களில் முதல் பறிப்புக்கு ஆகும் நாள்களோடு, அதற்குப் பிந்தைய பறிப்புகளின் இடைவெளியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். கிரான்பெர்ரி 7 நாளில் முதலில் காய்த்து, பிறகு 5 நாளுக்கு ஒருமுறை காய்க்கும். ஒவ்வொரு முறையும் குறைந்தது இரண்டு பழம் தரும். முதல் நாளே நட்டால் 8, 13, 18, 23, 28 ஆகிய நாள்களில் ஐந்து பறிப்பு, அதாவது பத்துப் பழம். ஒன்று 75 காசு வீதம் 750. விதை விலை 240ஐக் கழித்தால் ஒரு கட்டத்துக்கு 510 காசு லாபம். பூசணியை 1ஆம் நாள் நட்டு 14ஆம் நாள் பறித்து, அதே நாளில் மறுபடி நட்டால் 27ஆம் நாள் இரண்டாம் பறிப்பு. ஒரு காய் 320 காசு, விதை 100 காசு என்பதால் இரண்டு முறைக்கும் சேர்த்து லாபம் 440தான்.

ஆகவே இணையத்தில் சொல்வது சரியே. 9,600 காசுக்கு மிகச்சரியாக 40 கிரான்பெர்ரி விதை கிடைக்கும். ஸ்பிரிங்க்ளர்களைச் சுற்றியுள்ள 24 கட்டங்களில் அவற்றை நடுங்கள். மீதி 16ஐக் கைத்தண்ணீரில் வளர்த்துக்கொள்ளலாம். 8ஆம் நாள் முதல் பறிப்பிலேயே 6,000 காசு கைக்கு வந்துவிடும், அதைக்கொண்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

பந்தல்காரர்:

மேலே சொன்ன எண்கள் அனைத்தும் சரி, ஆனால் முடிவு இந்தப் பண்ணைக்குத் தவறு என்று நினைக்கிறேன்.

ஒரு கட்டத்துக்கு எவ்வளவு லாபம் என்பது நிலம் பற்றாக்குறையாக இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. முதலாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நிலத்துக்கு யாருக்கும் பஞ்சமில்லை. பணத்துக்கும் ஆளுக்கும்தான் பஞ்சம். பணத்தை வைத்துப் பார்த்தால் கிரான்பெர்ரியில் போட்ட ஒரு காசு பருவ முடிவில் மூன்று காசுக்குச் சற்று மேலாகத் திரும்பி வருகிறது. பூசணியில் போட்ட ஒரு காசு 14ஆம் நாளே அதே அளவுக்குத் திரும்பிவிடுகிறது, பிறகு இன்னொரு சுற்றும் போகலாம். திராட்சையை யாரும் கண்டுகொள்வதில்லை. விதை 60 காசுதான். 10 நாளில் காய்க்கத் தொடங்கி 3 நாளுக்கு ஒருமுறை காய்ப்பதால் 11, 14, 17, 20, 23, 26 என ஆறு பறிப்பு, பழம் 80 காசு வீதம் 480. போட்டதைப் போல் எட்டு மடங்கு. கத்தரிக்காயோ 20 காசு விதைக்கு ஐந்து பறிப்பில் 300 காசு தருகிறது. ஒரு கட்டத்துக்கான லாபம் குறைவுதான், ஆனால் கையில் பணம் இல்லாதவருக்கு இவை இரண்டும் வரப்பிரசாதம்.

ஆனால் தும்பி கேட்டது லாபத்தைப் பற்றி மட்டும் அல்ல. ஒரு நாள் தண்ணீர் தவறினால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான். தண்ணீர் படாத நாள் செடியின் வளர்ச்சிக் கணக்கில் சேராது. செடி சாகாது, ஆனால் பின்னால் வரும் எல்லாப் பறிப்பும் ஒரு நாள் தள்ளிப்போகும். இதை வைத்து ஒவ்வொரு பயிரையும் பாருங்கள். கிரான்பெர்ரியின் கடைசிப் பறிப்பு சரியாக 28ஆம் நாளில் விழுவதால் அதற்கு மிச்ச நாளே இல்லை. ஒரே ஒரு நாள் தவறினாலும் கடைசிப் பறிப்பு போய்விடும், ஆனால் போவது 750இல் 150 மட்டுமே. திராட்சையின் கடைசிப் பறிப்பு 26ஆம் நாள் என்பதால் இரண்டு நாள் தவறினாலும் எதுவும் குறையாது. பூசணிக்கு இரண்டு சுற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாள்தான் மிச்சம்; இரண்டு நாள் தவறினால் இரண்டாம் சுற்று முழுவதுமே சருகாகும். உங்கள் முலாம்பழத்துக்கு நேர்ந்ததும் இதுதான். ஒருமுறை காய்க்கும் பயிர் பாதி விளைந்ததற்குப் பாதி விலை தருவதில்லை.

எனவே கணக்குப்பிள்ளை சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்புவேன். யார் வந்தாலும் வராவிட்டாலும் காலையில் தானே தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரின் கீழே, தவறினால் முழுவதும் பாழாகும் பூசணியை வையுங்கள். கொஞ்சம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளும் திராட்சையையும் கிரான்பெர்ரியையும் கைத்தண்ணீருக்கு விடுங்கள். லாபம் அதிகம் தரும் பயிருக்குத்தான் ஸ்பிரிங்க்ளர் என்ற பழக்கம் தனியாக ஆடுபவருக்குச் சரி. அவர் இல்லாமல் அவருடைய நாள் ஓடாது.

ஒரு சிறு செய்தி: எட்டுக் கட்டங்களின் நடுவே ஸ்பிரிங்க்ளர் நிற்பதால், இப்படி அடுத்தடுத்து வைக்கும் பாத்தியில் மூன்றுக்கு மூன்று சதுரம் முழுவதும் பூசணியாக அமையாது, அப்படி அமைந்த சதுரத்தில் சில நேரம் உருவாகும் ராட்சதப் பூசணியில் ஆசை இருந்தால் அதற்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தும்பி:

இருவருக்கும் நன்றி. மிச்ச நாள் என்ற கோணத்தில் நான் பார்த்ததே இல்லை. என் முலாம்பழத்துக்கு மிச்ச நாள் பூஜ்யம், இழப்போ முழுவதும். இரண்டும் சேர்ந்த ஒரு பயிரைக் கைத்தண்ணீரில் நட்டிருக்கிறேன் என்பது இப்போதுதான் புரிகிறது.

பூசணியின் இரண்டாம் சுற்றைப் பற்றி ஓர் ஐயம். முதல் சுற்று 14ஆம் நாள் விளைகிறது, விதைக்கும் கடைசி நாள் 15. இடையில் இருப்பது ஒரே நாள். அன்று கடையில் விதை கிடைக்கும் என்று நம்பலாமா?

வாரநாள்:

நம்பலாம், ஆனால் நம்பி இருக்காதீர்கள்.

28 நாள் என்பது சரியாக நான்கு வாரம் என்பதால் ஒவ்வொரு பருவத்தின் 1ஆம் நாளும் திங்கள்கிழமையாகவே அமையும். ஊரில் விதை விற்கும் பியரின் கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. ஆக 3, 10, 17, 24 ஆகிய நாள்களில் அங்கே எதுவும் வாங்க முடியாது. இலையுதிர் பருவத்தில் 16ஆம் நாள் செவ்வாய்க்கிழமை ஊர்ச் சந்தை வருகிறது. அன்றும் கடை இல்லை. 14 ஞாயிறும் 15 திங்களும் கடை உண்டு. அவற்றைத் தவறவிட்டால் அடுத்து 18ஆம் நாள்தான், அதற்குள் பூசணிக்குக் காலம் கடந்திருக்கும். ஆகவே 13ஆம் நாளே, கிரான்பெர்ரியின் இரண்டாம் பறிப்புப் பணம் வந்தாலும் வராவிட்டாலும், 24 பூசணி விதைகளை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். 8ஆம் நாள் பறிப்பின் பணத்தில் அதற்கான 2,400ஐத் தனியே எடுத்துவைப்பது இன்னும் நல்லது. பொதுப்பணம் என்றால் யாராவது ஒருவர் அதைக்கொண்டு கொல்லரிடம் மண்வெட்டியை மேம்படுத்தக் கொடுத்துவிட்டு வருவார். எங்கள் பண்ணையில் அந்த ஒருவர் நான்தான். (சந்தை நாளில் உங்கள் விளைபொருள்களைக் காட்சிக்கு வைக்கும் போட்டி உண்டு. 14ஆம் நாள் பறித்ததில் நல்ல தரப் பூசணி ஒன்றை விற்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.)

மேலே இருவரும் தொடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பலர் சேர்ந்து ஆடும்போது பட்டியலைத் திறந்தாலும் கடிகாரம் நிற்காது. காலை 6 மணியிலிருந்து இரவு 2 மணி வரையிலான ஓர் ஆட்ட நாள் ஏறக்குறைய 14 நிமிடம். ஓர் உட்காரலுக்கு, அதாவது ஒருமுறை கூடி ஆடுவதற்கு, ஏழு நாள் என்று வைத்துக்கொண்டால் நாள் முழுவதையும் ஆடினாலும் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நான்கு உட்காரலில் ஒரு பருவம். அப்படிப் பிரித்தால் விதைப்பு முதல் உட்காரலின் தொடக்கத்திலும், கிரான்பெர்ரியின் முதல் பறிப்பு இரண்டாவதின் தொடக்கத்திலும், பூசணியைப் பறித்து மறுநடவு செய்யும் 14ஆம் நாள் அதன் முடிவிலும், 27ஆம் நாள் பறிப்பு நான்காவதின் கடைசியிலும் விழும். ஆள் அதிகம் தேவைப்படும் நாள்கள் இவைதாம். நடுவில் உள்ள மூன்றாம் உட்காரலில் ஒருவர் வராவிட்டாலும் பண்ணை தாங்கும். இரண்டாவதிலும் நான்காவதிலும் ஒருவர் வர முடியாவிட்டால் அந்த மாலையைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஹோஸ்ட்டிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எல்லாரும் படுக்கைக்குப் போன பிறகுதான் ஆட்டம் சேமிக்கப்படும் என்பதால், அடுத்த நாள் காலை விடிந்ததும் வெளியேறுவதே சரியான இடம்.

அதோடு, உட்காரலின் ஒவ்வொரு இரவும் தொலைக்காட்சியின் வானிலை அறிவிப்பை யார் பார்ப்பது என்பதையும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். நாளை மழை என்றால் நாளை யாரும் குடத்தைத் தூக்க வேண்டாம். அந்த நேரத்தில் சுரங்கத்துக்குப் போய் அடுத்த ஸ்பிரிங்க்ளருக்கான தாதுவை எடுத்து வரலாம்.

கணக்குப்பிள்ளை:

ஸ்பிரிங்க்ளரைப் பற்றிப் பந்தல்காரர் சொன்னதை ஏற்கிறேன். நான் தனியாக ஆடுபவன், அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

ஆனால் கிரான்பெர்ரியை அடியோடு விட்டுவிட வேண்டாம் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். திராட்சை 11ஆம் நாள்தான் காசு தரத் தொடங்கும், பூசணி 14ஆம் நாள். அதுவரை பணப்பெட்டி காலியாக இருந்தால் வாரநாள் சொன்ன 13ஆம் நாள் விதைக்கு எங்கே போவீர்கள்? கத்தரி 6ஆம் நாள் காய்க்கும், ஆனால் ஐந்து செடி வைத்தால் அது 300 காசு. 8ஆம் நாள் உருப்படியான தொகையைக் கொண்டுவருவது கிரான்பெர்ரி மட்டுமே. இன்னொன்று, பிந்தி நடுபவர்களுக்காக: கிரான்பெர்ரி விதையின் 240 காசை மீட்க நான்கு பழமாவது வேண்டும், அதாவது இரண்டு பறிப்பு, அதாவது 12 நாள். எனவே 16ஆம் நாளுக்குப் பிறகு நடும் கிரான்பெர்ரி நட்டத்தில்தான் முடியும்.

பண்டில்களையும் மறக்காதீர்கள். ஆட்டத்தைத் தொடங்கும்போது பண்டில்களைக் கலந்து மாற்றும் தேர்வை எடுக்காமல் வழக்கமானவற்றையே வைத்திருந்தால் இலையுதிர் பயிர்ப் பண்டிலுக்கு மக்காச்சோளம், கத்தரிக்காய், பூசணி, யாம் ஆகிய நான்கும் தலா ஒன்று வேண்டும். மக்காச்சோளம் விளைய 14 நாள், விதை 150 காசு. கோடையில் நட்டிருந்தால் பருவம் மாறினாலும் சாகாமல் இலையுதிரிலும் காய்த்துக்கொண்டே இருந்திருக்கும். இப்போது இலையுதிர் 14ஆம் நாளே அதற்குக் கடைசி நாள். ஆனால் அப்போது நட்டால் ஒரே ஒரு கதிர்தான், எனவே முதல் நாளே இரண்டு செடி நட்டுவிடுங்கள். இந்தப் பயிர்ப் பண்டில்கள் அடங்கிய சமூகக்கூடச் சரக்கறையின் பண்டில்கள் எல்லாம் நிறைந்தால்தான் பசுமைக்குடில் திறக்கும். அது திறந்துவிட்டால் உள்ளே 120 கட்டங்களில் பருவம் என்ற பேச்சே கிடையாது, நாம் இங்கே போடும் கணக்கெல்லாம் தேவையற்றுப் போய்விடும். தவறவிட்ட முலாம்பழத்துக்கு, காட்டுக்குள் வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்கும் வண்டிக்கடையைத் தவறாமல் எட்டிப்பாருங்கள். அங்கே சரக்கு ஒவ்வொரு முறையும் மாறும்; விலை கூடுதலாக இருந்தாலும் முலாம்பழம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள், இல்லையேல் அடுத்த கோடை வரை காத்திருப்பதுதான்.

தும்பி:

இன்று மாலை நால்வரும் சேர்ந்து பேசி முடிவெடுத்தோம். ஸ்பிரிங்க்ளர்களைச் சுற்றி 24 பூசணி (2,400), கைத்தண்ணீரில் 20 கிரான்பெர்ரி (4,800), 30 திராட்சை (1,800), பண்டிலுக்காகவும் சில்லறைச் செலவுக்காகவும் 5 கத்தரி (100), 3 யாம் (180), 2 மக்காச்சோளம் (300). மொத்தம் 9,580 காசு. மீதமிருக்கும் 20 காசுக்கு இன்னொரு கத்தரி விதை வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார், வாங்கிவிட்டோம்.

கைத்தண்ணீர்க் கட்டங்கள் 61. குடத்தைச் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு அளவுக்கு ஆற்றல் குறைவதால், ஒருவரே எல்லாவற்றுக்கும் ஊற்றினால் அவருடைய 270 அளவு ஆற்றலில் ஏறக்குறையப் பாதி அதிலேயே போய்விடும். எனவே வந்திருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனை பங்காகப் பிரித்துக்கொள்வது என்று பேசியிருக்கிறோம். முன்பு அவரவர் பாத்தி அவரவருக்கு என்று இருந்தது. வராதவரின் பாத்தியை யார் பார்ப்பது என்று கேட்க யாருக்கும் தோன்றாமல் போனது அதனால்தான். இனிப் பாத்திகளுக்குப் பெயர் இல்லை. வராதவர் யார் என்று பார்க்காமல், ஈரமாகாத கட்டம் எது என்று மட்டும் பார்ப்பதாக ஏற்பாடு.

திராட்சையை ஐந்து வரிசையாக, ஒரு வரிசைக்கு ஆறு கொடி என்று அடுத்தடுத்து நட்டுவிடலாம் அல்லவா?

பந்தல்காரர்:

கூடவே கூடாது. பந்தல் கட்டிய கட்டத்தின் ஊடாக நடக்க முடியாது. வரிசைகளை இடைவெளி இல்லாமல் நட்டால் நடுவில் உள்ள கொடிகளுக்குக் கையே எட்டாது, பழம் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான். இரண்டு வரிசைகளை ஒட்டி நட்டு, அடுத்து ஒரு கட்ட அகலத்துக்கு நடைவழி விட்டு, பிறகு இரண்டு வரிசை என்று போங்கள். எந்தக் கொடிக்கும் ஒரு பக்கமாவது ஆள் நிற்க இடம் இருக்கும். ஐந்தாவது வரிசையை வேலியை ஒட்டித் தனியாக வைத்துவிடுங்கள். பியர் 9 மணிக்குத்தான் கடையைத் திறப்பார், அதற்குள் மண்ணைக் கொத்தி வழியைக் குறித்துவைத்தால் விதை வந்ததும் நட்டுத் தண்ணீர் ஊற்றிவிடலாம். முதல் நாள் நட்டும் அன்று ஈரமாகாத கட்டம் இரண்டாம் நாள் நட்டதற்குச் சமம்.